தொழில் வளர்க்கும் உத்தியோகஸ்தருக்குத் தலைமைப் பயிற்சி

தனியார் தொழில்களை வளர்க்கும் பொறுப்பிலுள்ள அரசாங்க உத்தியோகஸ்தர்களுக்குத் தலைமைப் பயிற்சி அளிப்பது பற்றி ஒரு கூட்டுறவு இதழில் எழுதுவானேன் என்று அங்கத்தினர்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அதற்கு விடை நம் சங்கங்களின் அமைப்பிலேயே இருக்கிறது. நெசவாளர் சங்கத்து அங்கத்தினர் தம் வீட்டுத் தறிக்குத் தாமே உடைமையாளர். தறி ஓடினால்தான் அவருக்கு வருமானம். ஓடாத நாளின் நஷ்டமும் அவருடையதே. விவசாய அங்கத்தினரும் தம் நிலத்துக்கும் விளைச்சலுக்கும் தாமே பொறுப்பாளி. இவ்வாறு தனித்தனியே தொழில் நடத்துகின்ற சிறு உடைமையாளர்கள், நூல் வாங்கவும், சரக்கு விற்கவும், கடன் பெறவும் ஒன்று கூடிச் செய்துகொண்ட ஏற்பாடே சங்கம். ஆகவே, சிறு தொழிலை வளர்க்க வருகின்ற உத்தியோகஸ்தர் எத்தகைய மனப்பான்மையோடும் எத்தகைய பயிற்சியோடும் வருகிறார் என்பது நம்மை நேரே தொடுகின்ற விஷயமாகும்.

இஃது அவசரமான விஷயமுங்கூட. 1995-96ஆம் ஆண்டுக் கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் நெசவாளரும் நெசவு சார்ந்த தொழிலாளருமாகச் சுமார் 65.5 லட்சம் பேர் இருந்தனர். 2009-10இல் அத்தொகை 43.3 லட்சமாயிற்று. 2019-20இல் 35.2 லட்சமாகக் குறைந்தது. இந்தக் காலம் முழுவதும் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை, மானியங்கள் இருந்தன, அலுவலகங்களும் இருந்தன. ஆயினும் தறியை விட்டு வெளியேறிய குடும்பங்கள் எத்தனையோ. விசைத்தறிப் போட்டி, நூல் விலை, கூலிக் குறைவு எனக் காரணங்கள் பலவாயினும், உதவி செய்ய வந்தவர்கள் உதவும் முறையை அறிந்திருந்தார்களா என்ற கேள்வியும் உடன் எழுகின்றது. பணம் கொடுப்பது ஒன்று. பணத்தைக் கொண்டு ஒருவன் தன் காலில் நிற்கும்படி செய்வது வேறொன்று. பின்னதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

சென்னை மாகாணத்தில் ஒரு பழைய சோதனை

இக்கேள்வி புதியதன்று. நூறாண்டுகளுக்கு முன்னரே சென்னை மாகாணத்தில் எழுந்தது. ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். 1898இல் சென்னைக் கலைத் தொழிற் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலை அவர் தொடங்கினார். பித்தளையும் செம்புமே அறிந்திருந்த மக்களுக்கு அது பழக்கமில்லாத உலோகம். அதில் பாத்திரம் செய்ய முடியும், செய்ததை விற்கவும் முடியும் என்று ஊரறியக் காட்டியபின், 1903இல் அந்தத் தொழில் ஒரு தனியார் கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டது. குரோம் முறையில் தோல் பதனிடுதல், ஆயில் என்ஜின் கொண்டு கிணற்று நீர் இறைத்தல் ஆகியவற்றிலும் அவர் சோதனைகள் நடத்தினார். சேலத்தில் பறக்கும் நாடாத் தறிகள் கொண்ட ஒரு நெசவுச் சாலையையும் நடத்தினார். இவ்வாறு நெசவாளர், விவசாயி ஆகிய இரு சாராருக்கும் அவருடைய பணி தொடர்புடையதாக இருந்தது.

அலுமினியத்தில் அவர் கையாண்ட முறையைக் கவனிக்க வேண்டும். புதுத் தொழிலில் முதலில் இறங்குவோனுக்கு வரக்கூடிய நஷ்டத்தைத் தாங்கச் சர்க்கார் முன்வந்தது. பயன் தெரிந்தவுடன் சர்க்கார் விலகிக்கொண்டது. தொழில் நடத்துவோர் பொறுப்பேற்றனர். சேலத்துச் சாலையில் கிடைத்ததோ வேறு விதமான அநுபவம். வீட்டில் குடும்பத்தார் துணையுடன் தம் மனம்போல் நெய்து பழகிய நெசவாளர்களுக்கு, குறித்த நேரத்தில் வந்து குறித்த நேரத்தில் போகும் சாலை ஒழுங்கு பிடிக்கவில்லை. சாலை நிலைக்கவில்லை. ஆனால் பறக்கும் நாடா நிலைத்தது. வீட்டுத் தறிகளிலேயே அது பரவியது. கருவியை ஏற்றுக்கொண்ட நெசவாளர், தம் வாழ்க்கை முறையை மாற்றச் சொன்ன ஏற்பாட்டை ஏற்கவில்லை என்பது இதனால் விளங்கும்.

இதற்கிடையில், சர்க்கார் தங்களோடு போட்டியிடுகிறது என்று ஐரோப்பிய வர்த்தகர்கள் ஆட்சேபித்தனர். 1910இல் லண்டனிலிருந்த இந்திய மந்திரி மார்லி பிரபு, சர்க்கார் தொழிற்கல்வியோடு நிற்க வேண்டும், வியாபார முறையில் தொழில் நடத்தலாகாது என்று தடுத்துவிட்டார். மாகாணத்தின் தொழில் இலாகா கலைந்தது. 1914இல்தான் மீண்டும் அமைந்தது. சாட்டர்டன் 1912இல் மைசூர் சமஸ்தானத்துக்குத் தொழில் டைரக்டராகச் சென்றார்.

இந்த வரலாறு இரண்டு உண்மைகளைத் தெரிவிக்கிறது. உத்தியோகஸ்தர் செய்து காட்டலாம், வழி திறக்கலாம். ஆனால் உரியவரிடம் ஒப்படைத்துவிட்டு விலகும் நாளையும் அவர் முன்னதாகவே குறித்துக்கொள்ள வேண்டும். இது முதல் உண்மை. ஒரு திறமைசாலியின் தோளில் மட்டும் நிற்கும் வேலை அவர் போனதும் தளரும். அதே கண்ணோட்டமுடைய பலரைத் தயார் செய்தால்தான் அது தொடரும். இது இரண்டாவது. பயிற்சி என்பதன் தேவை இங்கேதான் பிறக்கிறது.

பயிற்சி நிலையம் தோன்றிய விதம்

சுதந்திரம் பெற்றபின் இத்தேவையை முதலில் உணர்ந்தது விவசாயத் துறைதான். 1952 அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய அபிவிருத்தித் திட்டம் தொடங்கியது. ஆராய்ச்சிப் பண்ணையில் கண்டறிந்ததை விவசாயியின் வயலுக்குக் கொண்டுசெல்லவும், விவசாயியின் கஷ்டத்தைப் பண்ணைக்குத் திரும்பக் கொண்டுவரவும் கிராம சேவகர்கள் பயிற்சி பெற்றனர். இதனை விரிவாக்கப் பணி என்றனர். இதே முறையைத் தொழிலுக்கும் கொண்டுவரலாம் என்ற எண்ணம் பின்னர் வலுப்பெற்றது. 1954இல் மத்திய அரசாங்கம் சிறு தொழில் வாரியத்தையும், சிறு தொழில் அபிவிருத்திக் கமிஷனர் அலுவலகத்தையும் ஏற்படுத்தியது. டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் சிறு தொழில் சேவை நிலையங்கள் அமைந்தன.

நிலையங்கள் அமைந்தன, அவற்றில் பணிபுரியும் ஆட்கள் எங்கிருந்து வருவார்கள்? பொறியியல் கற்றவர்கள் கிடைத்தார்கள். விதிகளும் கோப்புகளும் அறிந்தவர்களும் கிடைத்தார்கள். ஆனால் சிறு பட்டறைக்காரனிடம் உட்கார்ந்து அவன் கணக்கைக் கேட்டு, அவன் சொல்லாமல் விட்டதையும் அறிந்து, அவனே முடிவெடுக்கும்படி துணை செய்வதற்கு எந்தக் கல்லூரியும் கற்றுத் தரவில்லை. இக்குறையை நீக்க 1960இல் புது டில்லியில் மத்திய தொழில் விரிவாக்கப் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. 1962இல் அது ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டுச் சிறு தொழில் விரிவாக்கப் பயிற்சி நிலையம் எனப் பெயர் பெற்றது. ஒரு வட்டாரத்தின் தொழில் வாய்ப்புகளை அளந்தறிதல், சிறு தொழிலுக்குக் கடன் வழங்கும் முறை, தொழில் நிர்வாகம் முதலியவை அங்கே பாடங்களாயின. 1984இல் அது தேசிய நிலையமாயிற்று. 2007 முதல் தேசியக் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிலையம் என்ற பெயரில் நடந்து வருகிறது. நம் நாட்டு அலுவலர்களோடு, வளரும் நாடுகள் பலவற்றின் அலுவலர்களும் அங்கே வந்து பயின்றிருக்கிறார்கள்.

காக்கிநாடாச் சோதனை

அந்த நிலையத்தின் வரலாற்றில் 1964, 1965ஆம் ஆண்டுகள் குறிப்பிடத்தக்கவை. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து மனோதத்துவப் பேராசிரியர் டேவிட் மெக்லெல்லண்ட் என்பவர், மனிதனிடத்தில் சாதிக்க வேண்டும் என்னும் வேட்கையைப் பயிற்சியால் வளர்க்க முடியுமா என்று சோதிக்க விரும்பினார். ஆந்திரக் கடற்கரை நகரமாகிய காக்கிநாடாவிலிருந்து 52 வியாபாரிகளும் தொழில் நடத்துவோரும் சிறு சிறு குழுக்களாக ஹைதராபாத் நிலையத்தில் பயிற்சி பெற்றனர். நம் வேலூரைச் சேர்ந்தவர்களுக்கும் இத்தகைய பயிற்சி அளிக்கப்பட்டது. மாதக் கணக்கில் நீளாத குறுகிய பயிற்சிதான் அது. அதில் மூலதனம் கொடுக்கவில்லை, இயந்திரம் கொடுக்கவில்லை. ஒருவர் தம் நோக்கத்தைத் தாமே ஆராய்ந்து, தமக்கென ஒரு குறிக்கோளை வகுத்து, அதை அடைந்தோமா என்று தாமே அளந்து பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

பயிற்சியில் ஒரு விளையாட்டு உண்டு. தரையில் ஒரு முளை நட்டிருக்கும். வளையத்தை எறிந்து அதில் விழச் செய்ய வேண்டும். எங்கே நின்று எறிவது என்பதை எறிபவரே தீர்மானிக்கலாம். சிலர் முளைக்கு அருகிலேயே நின்று தப்பாமல் போடுவர், அதில் பெருமையில்லை. சிலர் எட்டாத தொலைவில் நின்று எறிவர். விழுந்தால் அதிர்ஷ்டம், விழாவிட்டால் விதி என்பர். சாதிக்கும் வேட்கையுடையவரோ, முயன்றால் விழும், முயலாவிட்டால் விழாது என்ற நடுத்தூரத்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு முறையும் பிழையைத் திருத்திக்கொண்டு எறிவார். தொழிலில் இறங்குவோர் எடுக்க வேண்டிய துணிவின் அளவும் அதுவே. கடன் கேட்டு வரும் அங்கத்தினர் எத்தனை தறிக்குக் கேட்கிறார், எந்தக் கணக்கின்மேல் கேட்கிறார் என்பதைப் பார்த்தாலே அவர் எங்கே நின்று வளையம் எறிகிறார் என்பது புலப்படும்.

சோதனையின் முடிவு 1969இல் நூலாக வெளிவந்தது. பயிற்சி பெற்றவர்கள், பெறாதவர்களைக் காட்டிலும் மிகுதியாக முனைந்து, புது முயற்சிகளில் இறங்கியதும், முதலீடு செய்ததும், வேலைக்கு ஆள் சேர்த்ததும் தெரியவந்தன. ஆனால் ஒரு நிபந்தனையையும் அச்சோதனை காட்டியது. தம் தொழிலில் தாமே முடிவெடுக்கும் நிலையில் இருந்தவர்களிடத்தில்தான் பயிற்சியின் பயன் நன்கு தெரிந்தது. கற்றதைச் செய்து பார்க்க அதிகாரமில்லாதவருக்குக் கற்பது பெரும்பாலும் வீண். இந்த உண்மை வியாபாரிக்கு மட்டுமன்று, உத்தியோகஸ்தருக்கும் பொருந்தும். பயிற்சிக்கு அனுப்பி, சான்றிதழ் கொடுத்துத் திரும்ப அழைத்து, சிறு தொகைக்கும் மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்கும் நாற்காலியில் மறுபடியும் உட்கார வைத்தால், பயிற்சிக்குச் செலவிட்ட பணம் கிணற்றில் போட்ட கல்தான்.

கட்டைக் கோபுரம்

தொழில் முனைவோரைத் தயாரிக்கும் பயிற்சி 1970க்குப் பின் குஜராத்தில் வேரூன்றியது. 1983இல் அகில இந்திய நிதி நிறுவனங்களின் ஆதரவில் ஆமதாபாத்தில் தொழில் முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் ஏற்பட்டது. பயிற்சி அளிப்போரையும், ஊக்குவிக்கும் அலுவலரையும் முதலில் தயார் செய்ய வேண்டும் என்பது இவ்வகைப் பயிற்சிகள் கண்ட படிப்பினை. அதற்காக நம் நாட்டுப் பயிற்சி நிலையங்களில் பரவலாகக் கையாளப்படும் ஒரு பாடத்தை இங்கே விளக்குவது பயன் தரும்.

மூவர் ஒரு குழு. ஒருவருடைய கண்களைக் கட்டிவிடுவார்கள். அவர் தமக்குப் பழக்கமில்லாத கையால் சிறு மரக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். மற்ற இருவரும் மேற்பார்வையாளர், மேலாளர் என்ற நிலையில் பக்கத்தில் இருப்பார்கள். எத்தனை கட்டைகள் அடுக்க முடியும் என்று முன்னதாகவே மூவரும் குறிக்கோள் வகுத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் சுற்றி நின்று, யார் என்ன பேசினார், என்ன செய்தார் என்று குறித்துக்கொள்வார்கள்.

அடுக்கத் தொடங்கியதும் ஒவ்வோர் உத்தியோகஸ்தரின் இயல்பும் வெளிப்பட்டுவிடும். ஒருவர் ஓயாமல் உத்தரவிடுவார். கேட்பவர் குழம்பிப் போவார். மற்றொருவர் பொறுமையிழந்து அவர் கையையே பிடித்து அடுக்கிவிடுவார். கோபுரம் எழும், ஆனால் கற்றவர் யாருமில்லை. இன்னொருவர் தமக்கென்ன என்று வாளாவிருப்பார். விழுந்தபின் குறை சொல்வார். நல்ல மேற்பார்வையாளர் தேவையான செய்தியைத் தேவையான நேரத்தில் சுருக்கமாகச் சொல்வார்: கட்டை சற்று இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, நான்கு முடிந்தது, ஐந்தாவது எடுக்கலாம். அடுக்கும் கை அடுக்குபவருடையதாகவே இருக்கும். இறுதியில் மூவரும் உட்கார்ந்து, கண் கட்டியிருந்தவருக்கு எந்தச் சொல் உதவியது, எந்தச் சொல் அச்சமூட்டியது என்று அவர் வாயாலேயே கேட்பார்கள். பல ஆண்டு அதிகாரத்தில் பழகியவர்களுக்கு அந்த அரை மணி நேரம் பெரிய பாடமாகிவிடுகிறது.

தலைமை என்ற சொல்லுக்கு இத்துறையில் என்ன பொருள் என்பதையும் இதுவே விளக்கும். படைக்குத் தலைமை வகிப்பவர் முன்னே நடக்கிறார். தொழில் வளர்க்கும் உத்தியோகஸ்தரோ தொழில் செய்பவரை முன்னே நடக்கவிட்டு, பாதையிலுள்ள பள்ளத்தைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் நடக்க வேண்டியவர். அவருடைய வெற்றிக்கு அளவுகோல், அவர் இல்லாத நாளில் அந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்பதே.

ஒரே கையில் இரண்டு வேலை

1978 மே முதல் மாவட்டத் தொழில் மையங்கள் ஏற்படுத்தப்பட்டன. அநுமதி, கடன் சிபாரிசு, இயந்திரம், மூலப்பொருள் முதலியவற்றுக்குச் சிறு தொழில் நடத்துவோர் பல வாசல்களில் அலையாமல் ஓரிடத்திலேயே உதவி பெற வேண்டும் என்பது நோக்கம். நோக்கம் உயர்ந்ததே. ஆனால் எங்கும் உள்ள ஒரு சங்கடம் இங்கும் உண்டு. ஆண்டுக்கு இத்தனை பேருக்குக் கடன், இத்தனை லட்சம் மானியம் என்று எண்ணிக்கை குறிக்கப்பட்டால், எண்ணிக்கையை முடிப்பதே வேலையாகிவிடும். மூன்றாண்டு கழித்து அந்தத் தொழில்களில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று கேட்கும் பழக்கம் அரிது.

கூட்டுறவுத் துறையில் ஆய்வாளராக இருப்பவன் என்ற முறையில் மற்றொரு சங்கடத்தையும் கூறக் கடமைப்பட்டிருக்கிறேன். 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் சங்கங்களை ஆய்வு செய்யவும் விசாரணை செய்யவும் துறைக்கு அதிகாரம் அளித்திருக்கிறது. அது வேண்டிய அதிகாரம். அங்கத்தினரின் பணத்துக்கு அதுவே காவல். ஆனால் அதே துறைதான் சங்கத்தை வளர்க்கவும் வேண்டும். பிழை தேடும் கண்ணோடு உள்ளே வருபவரிடம் சங்கக் காரியதரிசி தம் கஷ்டத்தை மனந்திறந்து சொல்வாரா? விற்காத சேலை தேங்கிக் கிடப்பதைச் சொன்னால் அது குறிப்பேட்டில் ஏறிவிடுமோ என்று மறைப்பார். மறைத்த நோய்க்கு மருந்தில்லை. ஆகவே காவல் வேலையையும் வளர்ப்பு வேலையையும் வேறு பிரித்தறிந்து, எந்த நேரத்தில் எந்த நிலையில் நின்று பேசுகிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லும் திறமை உத்தியோகஸ்தருக்கு வேண்டும். அதுவும் பயின்று பெற வேண்டிய திறமையே.

நொய்யல் தரும் எச்சரிக்கை

தனியார் தொழிலை வளர்ப்பது என்றால் தனியார் கேட்டதையெல்லாம் கொடுப்பது என்று கொள்ளலாகாது. திருப்பூரில் பின்னலாடைத் தொழில் பெருகியது நாடறிந்த வெற்றி. பல்லாயிரம் குடும்பங்களுக்கு அது சோறு போட்டது. ஆனால் சாயப் பட்டறைகளின் கழிவு நீர் நொய்யலாற்றில் கலந்தது. பாசனத்துக்கென்று கட்டப்பெற்று 1992இல் பயனுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணையில் அக்கழிவு தேங்கியது. பாசனத்துக்குக் கட்டிய அணையின் நீர் பயிருக்கு ஆகாத நீராயிற்று. ஆற்றின் கீழ்ப்பகுதி விவசாயிகள் நீதிமன்றத்தை நாடினர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பயனாகத் தொழிலாளர் வேலையிழந்தனர். விவசாயியின் நிலமோ அதற்கு முன்பே கெட்டிருந்தது. சாயமிடுவோர், நெய்வோர், பயிரிடுவோர் ஆகிய யாருக்கும் நன்மையில்லாமல் முடிந்தது.

சுத்திகரிப்பு ஏற்பாடு தொழில் தொடங்கும்போதே உடன் தொடங்கியிருக்க வேண்டிய ஒன்று. லாபக் கணக்கை மட்டும் பாராமல், அத்தொழிலின் கழிவு எந்தப் பக்கம் ஓடுகிறது, அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்பதையும் முதல் நாளிலேயே கேட்பவர்தான் தலைமைப் பயிற்சி பெற்றவர். கேட்பதோடு, இரு சாராரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துப் பேசச் செய்யும் துணிவும் அவருக்கு வேண்டும். முதலாளிக்குப் பிடிக்காத உண்மையை மரியாதையாகச் சொல்லத் தெரியாதவர் அத்தொழிலுக்கும் நண்பராக மாட்டார்.

பயிற்சியில் இருக்க வேண்டியவை

2020 செப்டம்பரில் மத்திய அரசாங்கம் கர்மயோகி இயக்கம் என்ற பெயரில் அரசு ஊழியர்க்கான புதுப் பயிற்சித் திட்டத்தை ஏற்றது. விதியை மட்டும் பார்த்து வேலை செய்வதை விடுத்து, தாம் வகிக்கும் பொறுப்புக்கு வேண்டிய திறமையைப் பெற வேண்டும் என்பது அதன் கொள்கை. இணையத்தின் வழியாகவும் பாடங்கள் கிடைக்கின்றன. நல்ல ஏற்பாடு. ஆயினும் பாடம் கேட்பதால் மட்டும் நீந்தக் கற்றுக்கொள்ள முடியாது. நெசவாளர், விவசாயி ஆகியோரிடையே பணிபுரிவோர்க்குப் பின்வருவன அவசியமென்று தோன்றுகிறது.

முதலாவது, கணக்கை அறிதல். ஒரு சேலைக்குப் பாவு நூல் எவ்வளவு, ஊடை நூல் எவ்வளவு, சாயக் கூலி என்ன, எத்தனை நாள் உழைப்பு, கடைசியில் கையில் நிற்பது என்ன என்று நெசவாளரோடு உட்கார்ந்து எழுதிப் பார்க்கத் தெரிய வேண்டும். மஞ்சள் விவசாயியோடு உட்கார்ந்தால், இன்று விற்றால் என்ன, கிடங்கில் வைத்து மூன்று மாதம் கழித்து விற்றால் வட்டியும் வாடகையும் போக என்ன என்று கணக்கிடத் தெரிய வேண்டும்.

இரண்டாவது, கேட்கும் பொறுமை. புது வடிவம் நெய்யத் தயங்கும் நெசவாளரைச் சோம்பேறி என்று எழுதிவிடுவது எளிது. விற்காவிட்டால் அந்த நாள்களின் கூலி யாருடையது என்ற அச்சம் அவர் தயக்கத்துக்குக் காரணமாக இருக்கலாம். அச்சத்தைக் கேட்டறிந்தால், முதல் பத்துச் சேலையின் நஷ்டத்தைச் சங்கம் தாங்கும் என்று ஏற்பாடு செய்ய முடியும். சாட்டர்டன் அலுமினியத்தில் செய்தது இதுவே.

மூன்றாவது, நேர்மை. தொழில் நடத்துவோரோடு நெருங்கிப் பழக வேண்டிய வேலையில் சலுகை காட்டும் ஆசை வருவது இயல்பு. யாருக்கு, எந்தக் காரணத்தால் உதவி கிடைத்தது என்பதை எல்லோரும் காணும்படி எழுதி ஒட்டும் பழக்கம், பத்து உபதேசங்களைவிட மேலானது.

நான்காவது, விலகும் திட்டம். உற்பத்தியாளர் கம்பெனி அமைக்க 2002இல் கம்பெனிச் சட்டம் திருத்தப்பட்டது. விவசாயி உற்பத்தியாளர் அமைப்புகள் 10,000 அமைக்கும் மத்தியத் திட்டம் 2020 பிப்ரவரியில் தொடங்கியது. அத்திட்டத்தில் ஓர் அமைப்புக்கு நிர்வாகச் செலவுக்கென மூன்றாண்டுகளில் 18 லட்சம் ரூபாய் வரையிலும், ஐந்தாண்டுகள் வழிகாட்டும் துணையும் ஏற்பாடாயிற்று. நான்காம் ஆண்டில் மேலாளருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதை முதலாம் ஆண்டிலேயே அங்கத்தினரோடு பேசாத அமைப்பு, உதவி நின்ற மாதமே பூட்டப்படும். அதனை முன்னறிந்து தயார் செய்வது உத்தியோகஸ்தரின் கடமை.

அங்கத்தினர் செய்ய வேண்டியது

நல்ல உத்தியோகஸ்தர் கிடைப்பது அதிர்ஷ்டம் என்று அங்கத்தினர் கையைக் கட்டிக்கொண்டிருப்பது தகாது. கட்டை அடுக்கும் பாடத்தில் கண் கட்டியவரின் வாய் கட்டப்படவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். எந்த உதவி பயன்பட்டது, எது பயன்படவில்லை என்று அவர் சொன்னால்தான் மற்றவர் கற்க முடியும். திட்டம் கொண்டு வருபவரிடம் மூன்று கேள்விகளை நம் பொதுப் பேரவையில் தயங்காமல் கேட்கலாம். இதனால் என் தறிக்கு அல்லது என் வயலுக்கு ஆகும் வரவு செலவு என்ன? நஷ்டம் வந்தால் யார் தாங்குவது? நீங்கள் மாற்றலாகிப் போனபின் இதை நடத்தப் போகிறவர் யார்? இக்கேள்விகளுக்கு விடை கூற முடிந்த திட்டம் நிற்கும். முடியாவிட்டால், விடை தேடி வரும்படி அவருக்கு அவகாசம் கொடுப்பதே மரியாதை.

உத்தியோகஸ்தர் மாறுவார், சங்கம் மாறாது. ஆகவே ஒவ்வொரு சங்கமும், இன்ன ஆண்டு இன்ன திட்டம் வந்தது, இன்ன பயன் தந்தது, இன்ன காரணத்தால் நின்றது என்று ஒரு தனிப் புத்தகத்தில் எழுதி வைத்தல் நலம். புதிதாக வரும் அலுவலர் கையில் முதல் நாளே அதைக் கொடுத்தால், ஆறு மாதம் பயிற்சி நிலையத்தில் கற்க முடியாததை ஒரு மாலையில் அவர் கற்றுக்கொள்வார். நிர்வாகக் குழுவினரும் அலுவலர் பயிலும் பயிற்சிகளில் இடம் கேட்டுப் பெற வேண்டும். ஒரே பாடத்தை ஒன்றாக உட்கார்ந்து கேட்டவர்களிடையே பிறகு பேச்சு எளிதாகும்.

உத்தியோகஸ்தருக்குத் தலைமைப் பயிற்சி அளிப்பதன் முடிவான பயன், நெசவாளரும் விவசாயியும் தம் தொழிலுக்குத் தாமே தலைவராவதே. அந்நிலையை நோக்கி அழைத்துச் செல்பவரை வரவேற்போம். எப்போதும் தம்மையே நம்பியிருக்கச் செய்பவரிடம், அவர் எத்தனை நல்லவராயினும், நம் கேள்விகளை நிறுத்தாமல் கேட்போம். அடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பில் நம் ஊரின் தொகை ஏறுமா, இறங்குமா என்பது ஓரளவேனும் இதைப் பொறுத்திருக்கிறது.